சாரத்தில் ஏறும் ஆளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி இரண்டாவது வாரம் வந்தாலே எங்கள் கட்டுமானத் தொழிலில் ஒரு காய்ச்சல் வந்துவிடும். டிசம்பர் நடுவில் தொடங்கிய பில்டர்ஸ் ஹாலிடே, அதாவது கட்டுமானத் தொழிலின் ஆண்டு விடுமுறை, முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்புவார்கள். பாதிப் பேரின் மெடிக்கல் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். விடுமுறைக்கு முன்னால் கண்டுகொள்ளாத காகிதத்தையெல்லாம் பெரிய கான்ட்ராக்டரின் சேஃப்டி ஆபீசர் இப்போது கேட்பார். அப்படி ஒரு திங்கட்கிழமை காலையில்தான் சாட்ஸ்வர்த்திலிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

சித்தப்பாவுக்குப் பெயிண்டிங், வாட்டர்ப்ரூஃபிங் கான்ட்ராக்ட். பதினான்கு ஆட்கள், இரண்டு பக்கி (பிக்அப்) வண்டிகள், வீட்டுக் கராஜிலேயே ஆபீஸ். உம்ஷ்லாங்காவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவர் வேலை கிடைத்திருந்தது. வேலை தொடங்குமுன் பெரிய கான்ட்ராக்டருக்கு அனுப்பிய சேஃப்டி ஃபைல், அதாவது பாதுகாப்புக் காகிதங்களின் கட்டு, திரும்பி வந்துவிட்டது.

"பதினாலு பேரையும் ட்ரெய்னிங்குக்கு அனுப்பணுமாம்டா. அத்தனை பேரும் போயிட்டா வேலையை யார் பாக்குறது? முப்பது வருஷமா நான்தானே சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். அது பத்தாதா?"

இந்த மாதிரி ஃபைல்களைத் தயார் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியைக் கேட்கிறார். "சிலதுக்குப் பத்தும், சிலதுக்குப் பத்தாது சித்தப்பா" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஃபோனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1993-ஆம் ஆண்டின் தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம், 8-ஆம் பிரிவில், தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை நான்கையும் கொடுக்க வேண்டியவர் முதலாளிதான் என்கிறது. யாரிடமிருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. 2014-இல் வந்த கட்டுமான ஒழுங்குவிதிகள் இன்னொன்று சொல்கின்றன: அன்றைக்கு அந்த சைட்டில் இருக்கும் ஆபத்துகளை விளக்கும் வகுப்பு, அதாவது இண்டக்‌ஷன் கொடுக்காமல் எந்த ஆளையும் உள்ளே விடக்கூடாது. இது இயல்பிலேயே வீட்டுச் சமையல். பைன்டவுனில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளருக்கு உங்கள் சைட்டில் லிஃப்ட் குழி எங்கே திறந்து கிடக்கிறது என்று தெரியாது.

இதுவரைக்கும் சட்டம் சித்தப்பா பக்கம் நிற்பது போலத்தான் தெரியும். ஆனால் அதே விதிகளின் தொடக்கத்தில், யாரும் படிக்காத வரையறைப் பக்கத்தில், தகுதியுள்ள நபர் என்றால் யார் என்று எழுதியிருக்கிறது. அந்த வேலைக்கான அறிவு, பயிற்சி, அனுபவம், தேவைப்படும் இடத்தில் படிப்பு இத்தனையும் இருப்பவர். சரி, சித்தப்பாவுக்கு இதில் முக்கால்வாசி உண்டு. அதன் கூடவே ஒரு வால் தொங்குகிறது: அந்த வேலைக்கென்று நாடு முழுக்கச் செல்லும் படிப்புகளைப் பதிவு செய்யும் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு பயிற்சி பதிவாகியிருந்தால், அதைத்தான் தேவையான பயிற்சியாகக் கொள்ள வேண்டும். முப்பது வருஷ அனுபவத்தை அந்த ஒரு வரி தட்டிவிடுகிறது.

கவனமாகப் படித்தால், சைட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தகுதியுள்ள நபராக இருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. ஆபத்து மதிப்பீட்டைச் செய்பவர், விழுதல் தடுப்புத் திட்டத்தை எழுதுபவர், சாரம் கட்டுவதை மேற்பார்க்கிறவர், பள்ளம் தோண்டுவதை மேற்பார்க்கிறவர், இவர்களைத்தான் அப்படிக் கேட்கிறது. உயரத்தில் ஏறி பிரஷ் பிடிக்கும் ஆளுக்குப் பயிற்சி கட்டாயம். அது எப்படி என்பது விழுதல் தடுப்புத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் எப்படிப் பதினான்கு பேர் என்ற கணக்கு வந்தது? கட்டட உரிமையாளரின் பாதுகாப்பு நிபந்தனைப் பட்டியலிலிருந்து. ஒவ்வொரு திட்டத்துக்கும் உரிமையாளர் தரப்பு இப்படி ஒரு பட்டியல் கொடுத்தாக வேண்டும். சட்டம் கேட்பதைவிட அதிகமாகக் கேட்க அவர்களுக்குத் தடையில்லை. சித்தப்பாவுக்கு வந்த பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அறுபத்துச் சொச்சம் பக்கம். அதில் இருந்தது "உயரத்தில் வேலை செய்யும் அனைவரும்" என்றுதான். பதினான்கு பேர் என்பது சேஃப்டி ஆபீசர் ஃபைலில் இருந்த பெயர்களை எண்ணிச் சொன்னது. கீழே நின்று பெயிண்ட் கலக்குபவரும் வண்டி ஓட்டுபவரும் அதில் சேர்ந்துவிட்டார்கள். விலை சொல்வதற்கு முன்னால் அந்தப் பட்டியலைப் படித்திருந்தால் இந்தச் செலவையும் கொட்டேஷனில் போட்டிருக்கலாம். இப்போது சொல்லி என்ன பயன்.

பேச்சே இல்லாத இடங்கள் சில உண்டு, அவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்தால் செல்லுபடியாகும் சான்றிதழோடு ஒரு முதலுதவியாளர் வேண்டும். தொழிலாளர் துறை ஏற்ற அமைப்பில்தான் அதைப் படிக்க முடியும், மூன்று வருஷத்தில் காலாவதியாகும். ஃபோர்க்லிஃப்ட், கிரேன் ஓட்டுபவருக்கும் பதிவு பெற்ற இடத்தில்தான் பயிற்சி. கட்டுமானப் பாதுகாப்பு அதிகாரி அதற்கான கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். சாட்ஸ்வர்த் பழைய வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை முழுசாகக் கழற்றும் வேலை வந்தால், அதைப் பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வது நல்லது.

மீதி இருப்பதில்தான் தேர்வு, அதில் பெரியது உயரத்து வேலை.

இரண்டு பக்கமும் நான் பார்த்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு சைட்டில் ஃபைலைச் சரிபார்க்கப் போயிருந்தேன். சாரத்தின் இரண்டாவது தட்டில், தரையிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில், ஒரு பையன் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்த அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. உடம்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸை ஒழுங்காகக் கட்டியிருந்தான். அதைக் கட்டடத்தோடு இணைக்கும் லேன்யார்ட் கயிற்றின் கொக்கியும் மாட்டித்தான் இருந்தது. ஆனால் காலடியில், அவன் நின்ற பலகைக்குப் பக்கத்துக் கம்பியில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கயிறு 2 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்க மடித்துத் தைத்திருக்கும் பட்டை பிரிந்தால் 1.75 மீட்டர் வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ 1.5 மீட்டர். அதற்கும் கீழே ஒரு மீட்டராவது காலி இடம் விட்டுவைக்க வேண்டும். கூட்டினால் 6.25 மீட்டர். அவனுக்குக் கீழே இருந்ததோ நாலு. ஹார்னஸ், கொக்கி, அட்டை எல்லாம் இருந்தும், கயிறு இழுத்துப் பிடிப்பதற்கு முன்னால் அவன் தரையைத் தொட்டுவிடுவான். கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரம் குறையும். கயிறு குட்டையாக இருந்தால் இன்னும் குறையும். சாரத்தின் கைப்பிடிக் கம்பிகள் முழுசாக இருந்திருந்தால் விழுவதற்கே வழியில்லை.

வகுப்பில் இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லையா என்று கேட்டேன். சொன்னார்களாம். அங்கே தலைக்கு மேலே வசதியாக ஒரு இரும்பு உத்தரம் இருந்ததாம். "இங்கே எதில் மாட்டுவது?" என்று அவன் திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி. அந்த சைட்டில் அவனுக்கு அதைக் காட்டிக் கொடுக்க ஒருவரும் இல்லை. வெளிப் பயிற்சி விட்டுவைக்கிற ஓட்டை இது. அதை அடைக்க சைட்டைத் தெரிந்த ஆள் ஒருவர் கையைப் பிடித்துக் காட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு பக்கம், சொந்தமாகவே பயிற்சி நடத்துகிறோம் என்று ஒரு நிறுவனம் கொடுத்த டூல்பாக்ஸ் டாக் (சைட்டிலேயே நடக்கும் சின்னப் பாதுகாப்புப் பேச்சு) ரெஜிஸ்டரைப் புரட்டினேன். வாராவாரம் தலைப்பு, தேதி, பதினொரு கையெழுத்து. பதினொன்றும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. அதில் ஒருவர் அந்த வாரம் முழுக்க லீவு. வருகைப் பதிவேட்டில் லீவு, பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து. இரண்டும் அடுத்தடுத்த ஃபைல்கள். இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டால் அந்த ஒரு பக்கம், ஒழுங்காக நடந்த மற்ற எல்லாப் பயிற்சியையும் சேர்த்துப் பொய்யாக்கிவிடும்.

நாமே கொடுக்கும் பயிற்சியில் எனக்குத் தெரிந்த பெரிய பலவீனம் இந்தக் காகிதம்தான். சொல்லிக் கொடுப்பதில் சித்தப்பா கெட்டிக்காரர். யார் சொல்லிக் கொடுத்தார், அவருக்கு என்ன தகுதி, கற்றவர் செய்து காட்டினாரா, யார் பார்த்தார் என்று எழுதி வைப்பதில்தான் கோட்டை விடுவார். அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சியாளர் ஒருவர், மதிப்பீட்டாளர் ஒருவர், அதற்கு மேல் அந்த மதிப்பீட்டைச் சரிபார்க்கும் மாடரேட்டர் ஒருவர். ஏதாவது நடந்தால் "இவன் தகுதியானவன் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். பெரிய கான்ட்ராக்டர் முதல் நாளே, அதே 1993 சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, 37(2) ஒப்பந்தம் என்று ஒன்றில் கையெழுத்து வாங்கிவிடுவார்; உங்கள் ஆட்களின் பாதுகாப்புக்கு நீங்களே பொறுப்பு என்பதுதான் அதன் சுருக்கம். சித்தப்பா அதைப் படிக்காமலே போட்டிருக்கிறார். ஆக, கேள்வி அவரைத் தேடித்தான் வரும்.

சான்றிதழ் வாங்கினால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். இங்கே ஏமாறுவது ரொம்பச் சுலபம். கலந்துகொண்டதற்கான சான்றிதழ் வேறு, தேறியதற்கான சான்றிதழ் வேறு. ஓரத்தில் லோகோ இருக்கும், தங்க முத்திரை இருக்கும். படித்துப் பார்த்தால் "கலந்துகொண்டார்" என்று மட்டும் இருக்கும். நானே ஒரு முறை ஒரு நிறுவனத்துக்காக ஆறு பேரை அனுப்பி, இப்படி ஆறு காகிதத்தோடு திரும்பி வந்து, கட்டணத்தையும் தொலைத்தேன். பயிற்சி இடத்துக்கு அங்கீகாரம் உண்மைதான், ஆனால் அந்தக் குறிப்பிட்ட பாடத்துக்கு இல்லை. அதனால் இப்போதெல்லாம் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, அதில் எங்கள் பாடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்டுகிறேன்.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. உயரத்து வேலைக்கான 229998 மாதிரி யூனிட் ஸ்டாண்டர்ட் எண்களை, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள பதிவு எண்களை, வைத்துத்தான் நாங்கள் இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தோம். பெரும்பாலான பழைய தகுதிகளில் புதிதாகச் சேர 2024 ஜூன் 30 கடைசி நாளாக இருந்தது. சேர்ந்தவர்கள் முடிக்க 2027 ஜூன் 30 வரை அவகாசம். புதியவை தொழில்கள், வணிகங்களுக்கான தரக் கவுன்சிலின் கீழ் வருகின்றன. நிபந்தனைப் பட்டியல்களோ இன்னும் பழைய எண்களையே கேட்கின்றன. பயிற்சி இடத்திடம் "இது எந்தப் பதிவின் கீழ் நடக்கிறது?" என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலை சேஃப்டி ஆபீசருக்கு அனுப்பி, ஏற்றுக்கொள்வாரா என்பதையும் எழுத்திலேயே வாங்கிவிடுங்கள்.

செலவுக்கு வருவோம். பயிற்சிக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், அது கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவு கூலி. 2025 மார்ச்சில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது, அதை வைத்தே கணக்குப் போடுகிறேன். எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஆளுக்கு 230.32. பதினான்கு பேர் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தால் 3,224 ராண்ட், சுவரில் ஒரு பிரஷ் கூடப் படாமல். சித்தப்பா தருவது இதைவிட அதிகம், ஆகவே உண்மைக் கணக்கும் அதிகம்.

பயிற்சி வரியிலிருந்து திரும்ப வாங்கலாமே என்பார்கள். ஆண்டுச் சம்பளம் மொத்தம் 5 லட்சம் ராண்டைத் தாண்டினால் அதில் 1 விழுக்காடு திறன் மேம்பாட்டு வரி. ஒருவரின் சம்பளப் பட்டியல் 15 லட்சம் என்று வைத்துக்கொண்டால் வரி 15,000. பயிற்சித் திட்டத்தை ஏப்ரல் 30-க்குள் கட்டுமானத் துறைக்கான செட்டாவிடம் (துறைவாரிப் பயிற்சி அமைப்பு) கொடுத்தால் கட்டிய வரியில் 20 விழுக்காடு திரும்பும், அதாவது 3,000. ஒரு நாள் கூலிக்குக் கூடக் காணாது. வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

மொழி விஷயத்தில் மட்டும் நான் தயங்காமல் நாமே கொடுக்கும் பயிற்சியின் பக்கம்தான். சித்தப்பாவின் ஆட்களில் பத்துப் பேர் ஜூலு பேசுபவர்கள், இரண்டு பேர் மொசாம்பிக்கிலிருந்து வந்தவர்கள், இரண்டு பேர் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிப் பையன்கள். நான் பார்த்த வகுப்புகள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் நடந்தன. மதிய சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்லைடைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தேர்வுத் தாளைப் பக்கத்து ஆள் பார்த்து நிரப்புவதும் உண்டு. சித்தப்பாவின் ஜூலு கடைத்தெரு ஜூலு, அது உதவாது. ஆனால் அவருடைய ஃபோர்மேன் ஜூலு பேசும் குவாமஷுக்காரர். அவர் ஒரு பலகையைக் காலால் தட்டி "இங்கோஸி" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தப் பலகையில் அப்புறம் யாரும் கால் வைக்க மாட்டார்கள். ஆபத்து என்பதற்கு அவர்கள் வீட்டில் குழந்தைக்குச் சொல்லும் சொல் அது.

முதலாளிகள் பேசும்போது விட்டுப்போவது தொழிலாளியின் கணக்கு. சித்தப்பாவின் ஆட்களில் பாதிப் பேர் வேலை இருக்கும்போது மட்டும் வருகிறவர்கள். மூன்று மாதம் இங்கே, அடுத்த மூன்று மாதம் பலிட்டோவில் வேறு ஒருவரிடம். நாம் கொடுத்த பயிற்சி நம்முடைய ஃபைலோடு நின்றுவிடும். அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் அவருடைய பெயரில், அடையாள எண்ணில், தேசியப் பதிவேட்டில் ஏறும். அடுத்த வாசலில் அதைக் காட்டி உள்ளே போகலாம். "படிக்க வைச்சா வேற எவன்கிட்டயாவது போயிடுவான்" என்பது சித்தப்பாவின் பயம். போகட்டுமே. அடுத்த முறை நமக்கு ஆள் வேண்டியிருக்கும்போது இன்னொருவர் படிக்க வைத்த ஆள் நம்மிடம் வருவான். இருபது வருஷம் சாரம் கட்டியும் காகிதம் இல்லாதவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியும் உண்டு. முதல் நாளிலிருந்து உட்கார வைத்து அவமானப்படுத்த வேண்டியதில்லை.

இரண்டு பயிற்சியாலும் ஆகாத ஒன்றும் இருக்கிறது. 2013 நவம்பர் 19-ஆம் தேதி டொங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் இடிந்து இரண்டு பேர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி நீதிமன்ற உத்தரவு இருந்தும் வேலை நடந்த இடம் அது. 2024 மே 6-ஆம் தேதி ஜார்ஜ் நகரில் இடிந்த கட்டடத்தில் 62 பேர் இருந்தார்கள், 34 பேர் திரும்பவில்லை. இந்த இடங்களில் கொத்தனாரின் பையில் எந்த அட்டை இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ஆபத்தைக் கண்டால் சொல்ல வேண்டியது தொழிலாளியின் கடமை என்று சட்டம் சொல்கிறது, சொன்னதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. "நிறுத்து" என்று ஒருவன் சொன்னதும் சித்தப்பா என்ன முகம் காட்டுகிறார் என்பதை வைத்துத்தான் ஆட்கள் அதைக் கற்றுக்கொள்வார்கள். அதற்கு எந்தச் செட்டாவிடமும் அங்கீகாரம் கிடையாது.

சரி, சித்தப்பாவுக்கு என்ன சொன்னேன்? பதினான்கில் உண்மையில் மேலே ஏறுபவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்கும் அங்கீகாரம் பெற்ற பயிற்சி, ஆனால் மும்மூன்று பேராக. ஜனவரி, பிப்ரவரி இங்கே மழைக்காலம், வெளிச்சுவர் பெயிண்டருக்கு எப்படியும் நாட்கள் வீணாகும். முதல் மூன்று பேரில் ஃபோர்மேன் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்கு மட்டும் மீட்புப் பயிற்சியும் சேர்த்து. தொங்கிக்கொண்டிருப்பவனை எப்படி இறக்குவது என்று விழுதல் தடுப்புத் திட்டத்தில் எழுதியாக வேண்டும், எழுதினால் மட்டும் போதாது, செய்ய ஒரு ஆள் வேண்டும். அந்தத் திட்டத்தை எழுத வெளியிலிருந்து தகுதியுள்ளவரைக் கூலிக்கு எடுப்பது. முதலுதவிக்குச் சட்டப்படி ஒருவர் போதும். இரண்டு பேரை அனுப்பச் சொன்னேன், ஏனென்றால் அடிபடுவது அந்த ஒருவராகவே இருக்கலாம். கீழே நிற்கும் ஐந்து பேருக்கு நாமே கொடுக்கும் பயிற்சி. அவர்கள் மேலே ஏறுவதில்லை என்பதை எழுத்தில் போட்டு சேஃப்டி ஆபீசரிடம் ஒப்புதல் வாங்கினேன். அரைநாள் மின்னஞ்சலில் முடிந்த வேலை.

பயிற்சி முடிந்து வந்தவர்களுக்கு சைட்டில் முதல் நாள் காலை ஒரு மணி நேரம் ஃபோர்மேன் வகுப்பு, ஜூலுவில். எங்கே மாட்ட வேண்டும், எங்கே மாட்டக் கூடாது என்று ஒவ்வொரு தட்டாகக் காட்டுவது. அவரவர் ஹார்னஸை அவரவரே கட்டிக் காட்டுவது. கையெழுத்து அவரவர் பேனாவில்.

போன வெள்ளிக்கிழமை முதல் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். மாலையில் நானும் கராஜில்தான் இருந்தேன். ஃபோர்மேன் சுவரில் தொங்கிய ஹார்னஸ்களை ஒவ்வொன்றாக இறக்கி, பட்டையை மடக்கி, தையலை விரலால் நெருடிப் பார்த்தார். பெயிண்ட் கொட்டி விறைத்துப்போன ஒன்றையும், தின்னர் பட்டு நிறம் மாறிய ஒன்றையும் தனியாகத் தரையில் போட்டார். "நல்லாத்தானே இருக்கு, துடைச்சா போயிடும்" என்றார் சித்தப்பா. ஃபோர்மேன் பதில் பேசவில்லை. தின்னர் பட்ட பட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இழைகள் பூனை மயிர் மாதிரி எழும்பி நின்றன. சித்தப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் உள்ளே போய்ச் சித்தியின் பெரிய கத்திரிக்கோலை எடுத்து வந்து, இன்னொருவர் எடுத்து மாட்டிவிடாதபடி, இரண்டின் பட்டைகளையும் அவரே வெட்டினார்.